யெல்லோஸ்டோனுக்கு ஆர்.வி.யில் போறோம்: எந்த வகை வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

கரிசல்காட்டான் (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஏப்ரல் கடைசியில் கோவில்பட்டியில இருந்து வர்றாங்க. அப்பாவுக்கு 71 வயசு, முழங்கால் வலி. அரசு பஸ் டிரைவரா இருந்து ரிடையர் ஆனவர். அம்மாவுக்கு 66, சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கிடுறாங்க. பிள்ளைக ரெண்டு, எட்டு வயசும் நாலு வயசும். நாங்க ரெண்டு பேரும் சேர்த்து மொத்தம் ஆறு பேர்.

போன தடவை அவங்க வந்தப்ப கார்ல யோசெமிட்டி கூட்டிட்டுப் போனேன். வழி பூரா அம்மா சரியா தண்ணியே குடிக்கல. அடிக்கடி பாத்ரூம் போகணும், அதுக்காக மகன் வண்டியை நிறுத்தணும், அது எதுக்குன்னு வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ராத்திரி ரூம்ல தலை சுத்தி உட்கார்ந்தப்பதான் எனக்கு விஷயமே தெரிஞ்சது. இன்னிக்கு வரைக்கும் அது மனசை உறுத்துது. பாத்ரூம் கூடவே வரணும்னுதான் இந்தத் தடவை ஆர்.வி., அதாவது படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டி, எடுக்கலாம்னு முடிவு.

ஜூன் நடுவுல பத்து நாள் லீவு. ஃப்ரீமான்ட்ல வண்டியை எடுத்து, முதல் நாள் நெவாடாவுல எல்கோ, ரெண்டாம் நாள் யெல்லோஸ்டோன் பார்க் வாசல்ல இருக்கிற வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர். அங்க அஞ்சு நாள். திரும்ப அதே மாதிரி ரெண்டு மூணு நாள். ஒரு வழி 950 மைல் பக்கம் வருது. நானும் மனைவியும் மாத்தி மாத்தி ஓட்டுவோம்.

கேள்வி ரெண்டு. பஸ் மாதிரி இருக்கிற 34 அடி கிளாஸ் ஏ, டிரைவர் சீட்டுக்கு மேலயும் படுக்கை இருக்கிற 30 அடி கிளாஸ் சி, வேன் மாதிரி இருக்கிற கிளாஸ் பி, இதுல எது எடுக்கலாம்? நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டுறது சரிப்படுமா? இதுக்கு முன்னால ஆர்.வி. ஓட்டினதில்லை.

வைகைக்கரை (டென்வர்)

தம்பி, வண்டியை அப்புறம் பார்ப்போம். முதல்ல அந்த எட்டு மணி நேரத்தைப் பிரிச்சுப் பார்க்கலாம். பதினோரு வருஷமா சொந்த கிளாஸ் சி வச்சிருக்கோம், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஃப்ரீமான்ட்ல இருந்து எல்கோ சுமாரா 525 மைல். கூகுள் எட்டு மணி நேரம்னு காட்டும். அது கார்க்காரங்க கணக்கு. ஆர்.வி.யை 60, 62 மைல் வேகத்துக்கு மேல ஓட்டினா பக்கக்காற்று பிடுங்கும், கை கடுத்துப் போகும். சாக்ரமெண்டோ தாண்டினதும் டோனர் உச்சிக்கு 7,200 அடி ஏறணும், ஏத்தத்துல 40, 45தான் போகும். பெட்ரோல் போட கார்ல ஏழு நிமிஷம்னா இதுல இருபது நிமிஷம். ஆறு பேர் இறங்கி ஏற இன்னும் கூடுதல். சாப்பாடு தனி. உங்க எட்டு மணி நேரம் பதிமூணு ஆகும். காலையில ஏழுக்குக் கிளம்பினாலும் இருட்டுற நேரத்துல எல்கோ போய், பழக்கமில்லாத வண்டியைப் பின்னால எடுத்து சைட்ல நிறுத்தி, டார்ச் வெளிச்சத்துல தண்ணியும் கரண்டும் இணைக்கணும். மறுநாள் திரும்ப அதே கதை.

நான் வச்சிருக்கிற கணக்கு இது: கூகுள் நேரத்தை ஒண்ணேகாலால பெருக்கணும். நிறுத்தங்களை அதுக்கு மேல தனியாச் சேர்க்கணும். கூகுள் 4 மணின்னா, ஸ்டியரிங் பிடிக்கிறது 5, வாசல்ல இருந்து வாசலுக்கு ஆறரை.

ஆர்.வி.க்காரங்க நடுவுல 3-3-3ன்னு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல வேண்டாம், சாயங்காலம் 3 மணிக்குள்ள போய்ச் சேரணும், ஒரு இடத்துல 3 ராத்திரி தங்கணும். வயசானவங்க அதையே 2-2-2ன்னு குறைச்சுக்குவாங்க. உங்க அம்மா அப்பாவோட போறதுக்கு ரெண்டாவதுதான் பொருந்தும். கூகுள் கணக்குல 3 மணி நேரம், மிஞ்சிப்போனா 4.

அப்படிப் பார்த்தா ஃப்ரீமான்ட்ல வண்டி எடுக்கிறதே தப்பு. போக வர 1,900 மைல். கேலனுக்கு 8 மைல்னு வச்சா 237 கேலன். பத்து நாள்ல நாலு நாள் நெவாடா ரோட்டுலயே போயிரும். சான் ஹோசேல இருந்தோ ஓக்லாண்டுல இருந்தோ சால்ட் லேக் சிட்டிக்கு ஃப்ளைட் பிடிங்க, ரெண்டு மணி நேரம். வண்டியை அங்க எடுங்க.

இன்னொரு விஷயம், இதை விட முக்கியம். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து பாத்ரூம் போகக் கூடாது. பெல்ட் போட்டு உட்கார்ந்தே இருக்கணும். ஒரு சடன் பிரேக் போதும், இடுப்பு எலும்பு போயிரும். ஆர்.வி.யில இருக்கிற பாத்ரூமோட சௌகரியம், எங்க ஓரம் கட்ட இடம் இருக்கோ அங்க ரெண்டு நிமிஷம் நிறுத்தலாம்ங்கிறதுதான். அதனால உங்க அம்மா இதுலயும் கேட்க மாட்டாங்க. கேட்காமலே நீங்க நிறுத்தணும். 50 நிமிஷத்துக்கு ஒரு தடவை, யாருக்கு வேணும் வேண்டாம்னு விசாரிக்காம நிறுத்துங்க.

பீச்ட்ரீ (அட்லாண்டா)

அக்கா சொல்றதுல பாதி ஒத்துக்கிறேன். பயமுறுத்தற அளவுக்கு இல்லைன்னும் சொல்லணும். நாங்க 33 அடி கிளாஸ் ஏ எடுத்து அட்லாண்டாவுல இருந்து ஆர்லாண்டோ ஒரே நாள்ல போனோம். 440 மைல். நானும் மச்சானும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டோம். கிளாஸ் ஏயில முன் கண்ணாடி பெருசு, உயரத்துல உட்கார்ந்து ஓட்டலாம், பின்னால இருக்கிறவங்களுக்கு ஹால் மாதிரி இடம். லாரி ஓட்டறவங்களுக்கே சட்டம் ஒரு நாளைக்கு 11 மணி நேரம் அனுமதிக்குது. ரெண்டு டிரைவர் இருந்தா எட்டு மணி நேரம் ஒண்ணும் பிரமாதமில்லை.

வைகைக்கரை (டென்வர்)

அந்த 11 மணி நேரம் தொழில்முறை ஓட்டுநருக்கு. அவங்களுக்கும் 8 மணி நேரம் ஓட்டினா அரை மணி நேர இடைவேளை கட்டாயம். அந்தக் கணக்குல பின்சீட்டுல உட்கார்ந்திருக்கிற 66 வயசு சர்க்கரை நோயாளி இல்லை. ரெண்டு பேர் மாத்தி ஓட்டினா ஓட்டறவங்களுக்கு ஓய்வு. அப்பாவோட முழங்காலுக்கும், நாலு வயசுக் குழந்தைக்கும் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரம்தான்.

நீங்க போனது சமதளம் தம்பி. அவர் போறது ராக்கி மலை.

பீச்ட்ரீ (அட்லாண்டா)

யோசிச்சுப் பார்த்தேன். நீங்க கேட்டது நியாயம்தான். நாங்க ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் குழந்தைங்க மட்டும்தான் பார்க்குக்குக் கிளம்பினாங்க, அத்தை படுத்தே கிடந்தாங்க. ஏசி ஒத்துக்கலைன்னு நினைச்சோம், முதல் நாள் பயணமாத்தான் இருந்திருக்கணும்.

கிளாஸ் ஏ பத்தி மட்டும் என் அனுபவம்: அகலமும் நீளமும் நகரத்துக்குள்ள கஷ்டம். வலது பக்கத் திருப்பத்துல பின்சக்கரம் நடைமேடை மேல ஏறிடுச்சு. முதல் தடவை ஓட்டறவங்களுக்கு மலைப்பாதையில நான் சொல்ல மாட்டேன்.

நொய்யல் (சியாட்டில்)

வணக்கமுங்க. நாங்க வூட்டுக்காரரும் நானும் ரெண்டே பேருங்க, கிளாஸ் பி வச்சிருக்கறோம். 19 அடிச் சில்லறைங்க. கேலனுக்கு 15 மைல் கொடுக்குது. எங்க வேணாலும் கார் நிறுத்தற எடத்துலயே நிறுத்திக்கலாமுங்க. மொண்டானாவுல கிளேசியர் பார்க்குல அந்த மலைரோடு இருக்குதுங்களே, கோயிங் டு தி சன் ரோடு, அதுல நடு மலைப்பகுதியில 21 அடிக்கு மேல நீளமான வண்டியை விடமாட்டாங்க. எங்க வண்டி போயிருச்சுங்க. பெரிய வண்டிக்காரங்க எல்லாம் கீழயே நிறுத்திப்போட்டு ஷட்டில் பிடிக்கறாங்க.

ஆனா ஆறு பேருக்கு இது ஆகாதுங்க. குளிக்கறதும் கக்கூசும் ஒரே ரெண்டரையடிச் சதுரத்துல. குளிச்சா கக்கூஸ் முழுக்க ஈரமாயிரும். முழங்கால் வலிக்காரர் அதுல வழுக்கி விழுந்தா என்னங்க பண்றது? எனக்கே 58 வயசுங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்.

கீரிமலை (ரொறன்ரோ)

அண்ணை, ட்றெயிலரையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. எங்களிட்ட 23 அடி ட்றெயிலர் இருக்கு, பிக்கப் ட்றக்கால இழுக்கிறனாங்கள். அதில உள்ள பெரிய வசதி, காம்ப் கிரவுண்டில ட்றெயிலரைக் கழட்டி விட்டுட்டு ட்றக்கை மட்டும் கொண்டு சுத்தலாம். மோட்டர்ஹோம் எண்டால் பால் வாங்கப் போறதெண்டாலும் வீட்டையே கொண்டு போக வேணும். ஒவ்வொரு நாளும் காலமை தண்ணிக் குழாய், கரண்ட் வயர், கழிவுக் குழாய் எல்லாம் கழட்டிப் போட்டுத்தான் வெளிக்கிடலாம்.

ஓடுற நேரத்தைப் பற்றி அக்கா சொன்னது நூறு வீதம் சரி. நாங்கள் சுப்பீரியர் ஏரிக் கரையால தண்டர் பேக்குப் போனனாங்கள். ரொறன்ரோவில இருந்து சூ செயின்ற் மறி 700 கிலோமீற்றர், அங்கயிருந்து தண்டர் பே இன்னொரு 700. ரெண்டு நாளில ஓடிப்போடலாம் எண்டு வெளிக்கிட்டனாங்கள். முதல் நாள் பொழுதுபட்ட நேரம் காட்டுக்குள்ளால ஒரு மூஸ், பெரிய காட்டு மான், நடு றோட்டில வந்து நிண்டுது. பின்னால 5,000 இறாத்தல் ட்றெயிலர். பிறேக்கை அழுத்த ட்றக் நிண்டிட்டுது, ட்றெயிலர் பின்னால இருந்து தள்ளுது. மயிரிழையில தப்பினது. அதுக்குப் பிறகு பொழுதுபட முதல் நிப்பாட்டிறது எண்டு முடிவெடுத்து, மிச்சப் பயணத்தை நாலு நாளாக்கினம். வாவாவில நிண்ட அண்டைக்குத்தான் ஏரியை ஆறுதலாப் பாத்தம்.

ஒண்டு மட்டும் சொல்ல வேணும்: ஓடேக்க ட்றெயிலருக்குள்ள ஆக்கள் இருக்கேலாது. ஒன்ராறியோவில சட்டப்படி குற்றம். உங்கட அம்மாவும் ட்றக்கிலதான் இருக்க வேணும். கலிஃபோர்னியாவில இழுத்துக்கொண்டு ஓடுற வாகனத்துக்கு 55 மைல்தான் வேகம். ட்றெயிலர் ரயர் கனக்க 65 மைலுக்கு மேல தாங்காது. அனுபவம் இல்லாமல் பின்னுக்கு எடுக்கிறதும் லேசில்லை, எனக்கு ஒரு கோடை காலம் முழுக்க எடுத்தது. வாடகைக்கு முதல் தரம் எண்டால் மோட்டர்ஹோம்தான் புத்தி.

கரிசல்காட்டான் (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு நன்றி. வைகைக்கரை அக்கா, "கேட்காமலே நிறுத்தணும்"னு நீங்க எழுதினதை மனைவிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். எனக்கு அது தோணவே இல்லை.

அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னேன். "ஒரு நாளைக்கு 150 மைல்னா 240 கிலோமீட்டர். கோவில்பட்டில இருந்து திருச்சி பக்கம் போயிரலாம். போதும்ல?"ன்னார்.

ஃப்ளைட்ல சால்ட் லேக் போறதுன்னு முடிவாச்சு. கிளாஸ் சின்னு வச்சுக்கிட்டா 25 அடியா, 30 அடியா? சின்னது ஓட்ட லேசுன்னு பார்க்கேன். பிள்ளைகளோட கார் சீட்டை எங்க மாட்டுறது?

வைகைக்கரை (டென்வர்)

படுக்கையை எண்ணாதீங்க, பெல்ட்டை எண்ணுங்க. 25 அடி வாடகை வண்டியில பெரும்பாலும் அஞ்சு பேருக்குத்தான் பெல்ட் இருக்கும். ஆறு பேர்னா 28ல இருந்து 31 அடிக்குள்ள போயாகணும், வேற வழியில்லை. சாதாரண டிரைவிங் லைசென்ஸே போதும். ரெண்டு பேர் பேரையும் வாடகை ஒப்பந்தத்துல ஓட்டுநரா எழுதிருங்க.

எடுக்கறதுக்கு முன்னால உட்புற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்க. நான் மூணு விஷயம் பார்ப்பேன். கடைசிக் கட்டில் சுத்தி நடக்கிற மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் சுவரோட ஒட்டின கட்டில்னா ராத்திரி அம்மா எழுந்தா அப்பா மேல ஏறித்தான் இறங்கணும். டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கிற பரணை மாதிரிப் படுக்கை ஏணி வச்சு ஏறுறது, அது உங்களுக்கும் பெரிய பிள்ளைக்கும். நாலு வயசுக் குழந்தையை அங்க விடாதீங்க, சாப்பாட்டு மேஜையைப் படுக்கையாக்கி அதுல போடுங்க. பாத்ரூம்ல ஷவர் தனியா இருக்கணும்.

கார் சீட் விஷயத்துல விட்டுக் கொடுக்காதீங்க. முன்பக்கம் பார்த்த சீட்ல மட்டும்தான் மாட்டணும். பக்கவாட்டு சோஃபாவுல பெல்ட் இருந்தாலும் மாட்டக் கூடாது. பல வண்டியில மேஜை சீட்டுக்கு மேல்பட்டை கட்டற கொக்கியே இருக்காது. உங்க கார் சீட் மாடலுக்கு அது வேணுமான்னு பார்த்து, வாடகை எடுக்கிற இடத்துல கேட்டுருங்க. இல்லைன்னு சொன்னா அந்த வண்டி வேண்டாம்.

ஓட்டறதுல உங்களுக்குப் புதுசா இருக்கப் போறது பின்பக்கம். 30 அடி கிளாஸ் சியில பின்சக்கரத்துக்குப் பின்னால பத்தடிக்குக் குறையாம நீட்டிக்கிட்டு இருக்கும். நீங்க இடது பக்கம் திருப்பினா வால் வலது பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்ல பம்புக்குப் பக்கத்துல இருந்து கிளம்பும்போதுதான் நிறையப் பேர் இடிக்கறாங்க. நேரா ஒரு வண்டி நீளம் முன்னால போயிட்டு அப்புறம் ஒடிங்க. வண்டி உயரம் 12 அடி பக்கம் இருக்கும். அதை ஒரு தாள்ல எழுதி கண்ணெதிர்ல ஒட்டி வைங்க. பின்னால எடுக்கும்போது ஒருத்தர் இறங்கி நிக்கணும், அவர் கண்ணாடியில தெரியலைன்னா வண்டி நகரக் கூடாது.

இறக்கத்துல டோ ஹால்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க. வண்டி தானே கீழ் கியருக்கு வந்து வேகத்தைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடேறி பிடிக்காமப் போயிரும்.

மருந்துச்சீட்டு (நியூ ஜெர்சி)

நான் மருந்தாளுநர். இன்சுலின் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆர்.வி. ஃப்ரிட்ஜை நம்பி மொத்த இன்சுலினையும் வைக்க வேண்டாம். பல வண்டிகளில் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ்தான், வண்டி சாய்ந்து நின்றால் ஒழுங்காகக் குளிராது. அதே ஃப்ரிட்ஜில் பின்பக்கத் தகட்டை ஒட்டி வைத்த பொருள் உறைந்தும் போகும். உறைந்த இன்சுலின் வீண், உருகின பிறகும் பயன்படுத்தக் கூடாது. கதவுப் பக்கத்தில், ஒரு சின்னத் தெர்மாமீட்டரோடு வையுங்கள். பாதியைத் தனியாக ஒரு குளிர்ப்பையில் வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி. விமானத்தில் கைப்பையில்தான்.

பயண நேரத்தை அம்மாவின் சாப்பாட்டு நேரத்தை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். அவர் 12:30க்குச் சாப்பிடுபவர் என்றால் 12:15க்கு வண்டி நின்றிருக்க வேண்டும். "இன்னும் நாற்பது நிமிஷம்தான், போய்ச் சேர்ந்திடலாம்" என்பது இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சொல்லக் கூடாத வார்த்தை. கைக்கு எட்டும் இடத்தில் ஜூஸ் இருக்கட்டும். மணிக்கொரு முறை இருவரும் இறங்கி நடக்கட்டும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கும்.

கரிசல்காட்டான் (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

எல்லாத்தையும் வச்சு ஒரு வரைவு போட்டிருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க.

முதல் நாள் மத்தியானம் வண்டியை எடுத்து, சாமான் வாங்கிக்கிட்டு, 50 மைல் வடக்க வில்லார்ட் பே ஸ்டேட் பார்க். ரெண்டாம் நாள் லோகன் கேன்யன் வழியா பியர் லேக், 75 மைல். மூணாம் நாள் மான்ட்பீலியர், ஆஃப்டன், ஆல்பைன், ஜாக்சன் வழியா கிராண்ட் டீட்டன் பார்க்ல கோல்டர் பே. 190 மைல், கூகுள் 4 மணி நேரம், இதுதான் நீளமான நாள். அங்க ரெண்டு ராத்திரி. அடுத்து யெல்லோஸ்டோனுக்குள்ள ஃபிஷிங் பிரிட்ஜ், 60 மைல், மூணு ராத்திரி. எட்டாம் நாள் வெஸ்ட் யெல்லோஸ்டோன் வழியா ஐடஹோ ஃபால்ஸ், 165 மைல். ஒன்பதாம் நாள் திரும்ப வில்லார்ட் பே, வழியில லாவா ஹாட் ஸ்பிரிங்ஸ். பத்தாம் நாள் காலை 11 மணிக்குள்ள வண்டியை விடணும்.

ஃபிஷிங் பிரிட்ஜ்ல இடம் இல்லைன்னு காட்டுது.

வைகைக்கரை (டென்வர்)

நல்ல வரைவு. யெல்லோஸ்டோனுக்குள்ள தண்ணி, கரண்ட், கழிவு மூணும் சைட்லயே இருக்கிற ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ்தான், அதனால ரொம்ப முன்னாலயே நிரம்பிரும். ரத்தாகிற இடங்கள் வந்துக்கிட்டே இருக்கும். காலையிலயும் ராத்திரியும் பாருங்க, மூணு ராத்திரியும் சேர்ந்து கிடைக்கலைன்னா தனித்தனியாப் பிடிங்க. மேடிசன், கேன்யன், பிரிட்ஜ் பே மாதிரி மத்த கேம்ப்கிரவுண்ட்ல கரண்ட் கிடையாது, ஜெனரேட்டரும் காலை 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும்தான்.

ஃபிஷிங் பிரிட்ஜ் பகுதி கிரிஸ்லி கரடி நடமாட்டம். அதனாலதான் அங்க கூடாரமும், துணிச்சுவர் வச்ச ட்ரெய்லரும் கூடாது, கெட்டிச் சுவர் வண்டி மட்டும். சட்டி பானை, எண்ணெய் டப்பா, குப்பைப் பை எதையும் வெளியே ஒரு நிமிஷம்கூட விட்டுட்டுப் போகாதீங்க. கழுவின தண்ணியை அம்மா பழக்கத்துல வாசல்ல ஊத்திரப் போறாங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க.

ஒரு திருத்தம். பார்க்குக்குள்ள அதிகபட்ச வேகமே 45தான். ஹேடன் பள்ளத்தாக்குல காட்டெருமைக் கூட்டம் ரோட்டைக் கடந்தா ஒரு மணி நேரம் நகராது. உள்ளே ஓட்டற நாட்களுக்கு ஒண்ணேகால் போதாது, கூகுள் நேரத்தை ரெண்டால பெருக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல், கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுகள் பக்கம் போற அன்னிக்குக் காலை 7க்கே கிளம்பிருங்க. ஒன்பது மணிக்கு மேல 30 அடி வண்டிக்கு நிறுத்த இடம் கிடைக்காது.

நொய்யல் (சியாட்டில்)

சமையலைப் பத்தி யாருமே சொல்லலீங்களே. ஃபிஷிங் பிரிட்ஜ் 7,700 அடி உயரமுங்க. அங்க தண்ணி 92 டிகிரியிலயே கொதிச்சிரும். சாதாப் பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாதுங்க, நாங்க ரெண்டு மணி நேரம் கேஸைத் தீத்துப்போட்டோம். சின்னக் குக்கர் ஒண்ணு கட்டாயம் எடுத்துட்டுப் போங்க.

கரண்ட் 30 ஆம்ப்ஸ்னா மொத்தமே 3,600 வாட்டுங்க. ஏசி ஓடறப்போ மைக்ரோவேவையும் கரண்ட் அடுப்பையும் ஒண்ணாப் போட்டா பிரேக்கர் விழுந்துரும். தாளிக்கறப்போ மேல இருக்கற காத்தாடியைப் போட்டு ஜன்னலைத் திறந்துருங்க, இல்லைன்னா புகை அலாரம் கத்தும். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மாவு ரெண்டு நாளைக்கு. மத்தது அங்க வாங்கிக்கலாமுங்க.

வெந்நீர் ஆறு கேலன்தானுங்க வரும். ஒருத்தர் தலைக்குக் குளிச்சா முடிஞ்சுது, அடுத்தவங்க இருபது நிமிஷம் காத்திருக்கோணும்.

மருந்துச்சீட்டு (நியூ ஜெர்சி)

கேட்கக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தையும் சேர்த்து விடுகிறேன். பெரியவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிற பழக்கம் ஆர்.வி. கக்கூஸில் ஒரு பிரச்சினையே இல்லை. கழிவுத் தொட்டிக்குத் தண்ணீர் அதிகம் போவது நல்லதுதான், இறுகாது. சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். அம்மாவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், நிம்மதியாக இருப்பார்.

ஆனைமலை (ஃபீனிக்ஸ்)

இதே மாதிரி யூட்டா பக்கம் யோசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஸயான் பார்க்ல கிழக்கு வாசலுக்குப் போற மலைச் சுரங்கம் 1930ல திறந்தது, குறுகல். 11 அடி 4 அங்குல உயரமோ 7 அடி 10 அங்குல அகலமோ தாண்டின வண்டிகளை, எதிர்ப்பக்கம் வர்ற வண்டிகளை நிறுத்தி வச்சு, கட்டணம் வாங்கி விட்டுக்கிட்டு இருந்தாங்க. 2026 ஜூன் முதல் பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது. கூகுள் இதெல்லாம் சொல்லாது. பார்க் இணையதளத்துல வண்டி அளவு விதிகளைப் பார்த்துட்டு அப்புறம் வாடகைக்குப் பணம் கட்டுங்க.

கரிசல்காட்டான் (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

போயிட்டு வந்துட்டோம். சொல்லாம இருக்க மனசு வரல.

29 அடி கிளாஸ் சி. ஃபிஷிங் பிரிட்ஜ்ல ரெண்டு ராத்திரி மே மாசம் கிடைச்சது, மூணாவது ராத்திரி கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது கிடைச்சது. வண்டியை எடுக்கவே சாயங்காலம் 4 மணி ஆயிருச்சு, எல்லாத்தையும் காட்டி விளக்க ஒண்ணரை மணி நேரம். அன்னிக்கு 50 மைல்தான்னு வச்சிருந்ததால வெளிச்சம் இருக்கும்போதே வில்லார்ட் பே போயிட்டோம். எல்கோ போறதா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சே பார்க்கல.

அப்பா முன்சீட்ல உட்கார்ந்து ஒரு நோட்டுல மைலும் நேரமும் எழுதிக்கிட்டே வந்தார். லோகன் கேன்யன்ல ஏறி பியர் லேக் பக்கம் இறங்கும்போது, "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்குடா"ன்னார். டோ ஹால் பட்டன் அதைத்தான் செய்யுதுன்னு காட்டினேன், கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டு, சரின்னு தலையாட்டினார். வால் வீசுறதை நான் மறந்த ரெண்டு தடவையும் அவர்தான் கையைத் தூக்கி நிறுத்தினார்.

கூகுளுக்கும் அப்பா நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்க போடுறேன், அடுத்து போறவங்களுக்கு உதவும். பியர் லேக் டு கோல்டர் பே: கூகுள் 4 மணி, நாங்க காலை 8:20க்குக் கிளம்பி 3:05க்குப் போனோம். கோல்டர் பே டு ஃபிஷிங் பிரிட்ஜ்: கூகுள் ஒண்ணேமுக்கால், எங்களுக்கு மூணு மணி நேரம். ஃபிஷிங் பிரிட்ஜ்ல இருந்து கேன்யன் போயிட்டு வந்த அன்னிக்கு, ஹேடன் பள்ளத்தாக்குல ஐம்பது அறுபது காட்டெருமை, 16 மைலுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம். வண்டி நின்ன இடத்துலயே அம்மா டீ போட்டாங்க. ஜன்னல் வழியா கன்னுக்குட்டிகளைப் பார்த்துக்கிட்டே பிள்ளைக சாப்பிட்டாங்க. அந்த ஒண்ணே முக்கால் மணி நேரத்தைத்தான் இப்பவும் வீட்ல பேசிக்கிட்டிருக்கோம்.

மொத்தம் 934 மைல். 118 கேலன், ஜெனரேட்டர் ஓடினதும் சேர்த்து.

கீரிமலை சொன்னது உண்மை, தினமும் கழட்டி மாட்டுறது வேலைதான். மூணாம் நாளுக்கு மேல மூத்தவனே பட்டியல் வச்சுப் படிச்சான்: குழாய், வயர், படி, ஆன்டெனா. பன்னிரண்டு நிமிஷத்துல முடிஞ்சது.

அக்கா, 50 நிமிஷத்துக்கு ஒரு தடவை அலாரம் வச்சு நிறுத்தினோம். முதல் நாள் அம்மா, "எனக்காகவா நிறுத்துறே?"ன்னு கேட்டாங்க. டயர் சூடு பார்க்கணும்மான்னு அப்பா பதில் சொல்லிட்டு, நிஜமாவே இறங்கிச் சுத்தி வந்து ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தார். அதுக்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் அவர் டயர் பார்க்க இறங்குவார், அம்மா உள்ள போயிட்டு வருவாங்க. மூணாம் நாள் ஆஃப்டன்ல, ரோட்டுக்குக் குறுக்கே எல்க் மான் கொம்புல கட்டின அந்த வளைவுக்குப் பக்கத்துல சாப்பாட்டுக்கு நிறுத்தினப்ப, அம்மா காலி பாட்டிலை நீட்டி, "தண்ணி பிடிச்சுக் குடுய்யா, காலையில பிடிச்சது தீர்ந்துபோச்சு"ன்னாங்க.